உப்பும் சர்க்கரையும் சேர்ந்து திறக்கும் கதவு

நமது ஊர்ப்புறங்களில் ஒரு காலத்தில் குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால் முதலில் நிறுத்தப்பட்டது தண்ணீர்தான். குடிக்கக் கொடுத்தால் இன்னும் போகும் என்பது பெரியவர்களின் வாக்கு. நா வறண்டு, கண்கள் குழிவிழுந்து, அழுதாலும் கண்ணீர் வராமல் கிடக்கும் பிள்ளையின் அருகே, செம்பு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, அதைக் கொடுக்க அஞ்சி அமர்ந்திருந்த தாய்மாரை நாம் சிறுவயதில் கண்டதுண்டு. அப்படி இறந்த பிள்ளைகளை நோய் கொண்டுபோய்விட்டது என்று ஊரார் சொன்னார்கள். அவர்களுள் பலரைக் கொண்டுபோனது தாகமே என்பதை நாம் வளர்ந்த பின்னரே அறிந்தோம்.

அத்தாய்மாரின் அச்சத்தை முழு மூடத்தனம் என்று தள்ளிவிடலாகாது. வெறும் தண்ணீரைப் புகட்டினால் அதில் பெரும்பங்கு மீண்டும் வெளியேறிவிடுவதை அவர்கள் கண்ணாரக் கண்டிருந்தார்கள். கற்றறிந்த மருத்துவர்கள் பலரும்கூட 1960-கள் வரை ஏறத்தாழ அதே எண்ணத்தில்தான் இருந்தனர். நோயுற்ற குடல் எதையும் ஏற்காது. ஊசி வழியே நரம்பில் ஏற்றும் நீரே உயிரைக் காக்கும் என்பது அவர்களது துணிபு. ஊசியும் சீசாவும் மருத்துவமனையும் எட்டாத தொலைவில் வாழ்ந்தவர்களுக்கு அந்தத் துணிபு ஒரு மரணத் தீர்ப்பாகவே முடிந்தது.

ஆனால் தண்ணீரை உள்ளே அழைத்துச் செல்லும் வழியொன்று குடற்சுவரிலேயே இருந்தது. கொடிய வாந்திபேதியிலும் அது அடைபடவில்லை. உப்பும் சர்க்கரையும் கூடி வந்தால் மட்டுமே திறக்கும் ஒரு நுண்ணிய கதவு அது. அக்கதவு கண்டறியப்பட்ட வரலாறும், கண்டறியப்பட்ட உண்மை ஏழைத் தாயின் கைக்கு வந்து சேர்ந்த வரலாறும் வெவ்வேறானவை. இவ்விரண்டையும் இங்கே எண்ணிப் பார்ப்போம்.

வாந்திபேதியும் வற்றிய இரத்தமும்

காலரா என்னும் வாந்திபேதி ஐரோப்பாவை நடுங்கவைத்த 1831, 1832-ஆம் ஆண்டுகளில், ஓஷானெஸி என்னும் இளம் மருத்துவர் நோயாளிகளின் இரத்தத்தை ஆராய்ந்தார். அதில் நீரும் உப்பும் பெருமளவு குறைந்து, இரத்தமே தடித்துப்போயிருப்பதைக் கண்டு எழுதினார். அதைப் படித்த தாமஸ் லாட்டா என்னும் மருத்துவர், 1832-இல் ஸ்காட்லாந்தின் லீத் நகரில், சாகும் தறுவாயில் இருந்தவர்களின் நரம்பில் உப்புநீரை ஏற்றினார். பிணம்போல் கிடந்தவர்கள் எழுந்து பேசிய காட்சி அன்றைய மருத்துவ உலகை வியக்கவைத்தது. எனினும் தூய்மை பேணும் முறையும், எவ்வளவு நீர் வேண்டும் என்னும் கணக்கும் அறியப்படாத காலம் அது. பிழைத்தவர் சிலர், மாண்டவர் பலர். அம்முறை விரைவில் கைவிடப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸ் அதற்கு மீண்டும் உயிரூட்டினார்.

அதே கல்கத்தாவில், 1953-ஆம் ஆண்டில், ஹேமேந்திரநாத் சாட்டர்ஜி என்னும் மருத்துவர் ஒரு புதுமை செய்தார். கடுமை குறைந்த வாந்திபேதி நோயாளிகள் 186 பேருக்கு உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை வாய்வழியாகவே கொடுத்துக் குணப்படுத்தியதாக ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார். உலகம் அதைப் பொருட்படுத்தவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு நோயாளிக் குழு அவரது ஆய்வில் இல்லை என்பது ஒரு காரணம். அந்நீர் ஏன் பயன்தருகிறது என்பதை விளக்கும் அறிவியல் அன்று பிறக்கவில்லை என்பது மற்றொரு காரணம்.

வாந்திபேதிக் கிருமி குடலின் உட்போர்வையையே உரித்தெறிந்துவிடுகிறது என்று நெடுங்காலமாக நம்பப்பட்டு வந்தது. உரிந்துபோன குடல் எதை உறிஞ்சும்? இந்த நம்பிக்கையை இரு ஆய்வுகள் அசைத்தன. 1959-இல் கல்கத்தாவின் சம்புநாத் டே, கிருமி வெளியிடும் நஞ்சே குடலிலிருந்து நீரைப் பெருகச் செய்கிறது என்பதை முயலின் குடலில் காட்டினார். 1960-இல் கங்கரோசா என்னும் அமெரிக்க மருத்துவரும் அவர்தம் தோழர்களும், தாய்லாந்து நோயாளிகளின் குடற்போர்வையில் சிறு துணுக்குகளை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தனர். போர்வை உரியாமல் அப்படியே இருந்தது. நீர் வெளியே கொட்டிக்கொண்டிருந்ததே ஒழிய, உள்ளே செல்லும் வழிகள் அழியவில்லை.

பிராகு நகரில் ஒரு பகல்

நமது உடலின் ஒவ்வோர் உயிரணுவும் கொழுப்பாலான மெல்லிய சவ்வால் சூழப்பட்டது. குளுக்கோஸ் நீரில் கரையும் பொருள். ஆதலால் அந்தக் கொழுப்புச் சவ்வை அது தானாக ஊடுருவ இயலாது. சோற்றிலும் ரொட்டியிலும் பழத்திலும் இருந்து பிரிந்த சர்க்கரை, குடலின் உட்புறத்தில் குறைவாகவும் உயிரணுவினுள் மிகுதியாகவும் இருக்கும் நேரங்களிலும் உள்ளேயே இழுத்துக்கொள்ளப்படுகிறது. மேட்டை நோக்கி நீர் ஏறுவது போன்ற செயல் இது. ஏற்றுவது யார்? ஏற்றுவதற்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது?

1958-இல் கனடாவில் ரிக்லிஸ், குவாஸ்டல் என்னும் இருவர், கினிப்பன்றியின் குடலை வெளியே எடுத்து வைத்து ஆய்ந்தபோது, சோடியம் இல்லாத நீரில் அது சர்க்கரையை உறிஞ்சவில்லை எனக் கண்டனர். சோடியம் என்பது நாம் உண்ணும் உப்பின் ஒரு பாதி. உப்புக்கும் சர்க்கரைக்கும் என்ன உறவு? விடை 1960 ஆகஸ்டு 24 அன்று கிடைத்தது. பிராகு நகரில் நடந்த அறிவியல் கருத்தரங்கில் இராபர்ட் கிரேன் என்னும் அமெரிக்க உயிர்வேதியியலாளர் தம் கருத்தை முன்வைத்தார். குடலின் உயிரணுச் சவ்வில் ஒரு கடத்தி இருக்கிறது. அது சோடியத்தையும் குளுக்கோசையும் ஒருசேரப் பற்றி, ஒருசேர உள்ளே விடுகிறது என்பதே அவரது கூற்று.

இதை ஓர் உவமையால் விளக்கலாம். உயிரணுவினுள் சோடியம் மிகக் குறைவு, வெளியே மிகுதி. எனவே உள்ளே பாய அது எப்போதும் முந்துகிறது. சரிவில் இறங்கும் வண்டியோடு கயிற்றால் பிணைக்கப்பட்ட மற்றொரு வண்டி மேட்டில் ஏறுவதுபோல, பாயும் சோடியம் தன்னோடு குளுக்கோசையும் இழுத்துச் செல்கிறது. உள்ளே வந்த சோடியத்தை, உயிரணுவின் மறுபுறத்தில் இருக்கும் ஓர் இறைப்பி ஓயாமல் வெளியே இறைத்து, அந்தச் சரிவு தணியாமல் காக்கிறது. டென்மார்க்கின் ஜென்ஸ் ஸ்கோ 1957-இல் கண்டறிந்த இறைப்பி இது. 1997-இல் அவருக்கு நோபல் பரிசைப் பெற்றுத் தந்தது. குளுக்கோசோ அதே மறுபுறத்தில் வேறொரு வாயில் வழியே இரத்தத்தை அடைகிறது. உப்பும் சர்க்கரையும் செல்லும் திசையில் தண்ணீரும் பின்தொடர்கிறது. வாந்திபேதியின் நஞ்சு இந்தக் கதவைத் தொடுவதில்லை.

சாட்டர்ஜியின் நோயாளிகள் பிழைத்ததற்கான விளக்கம் இதுவே. நோயுற்றவர்க்கு நம் பாட்டிமார் உப்பிட்டுக் கொடுத்த சோற்றுக் கஞ்சியின் விளக்கமும் ஏறத்தாழ இதுவே. கஞ்சியின் மாவுப்பொருள் குடலில் குளுக்கோசாகப் பிரிகிறது. உப்பு அதற்குத் துணையாகிறது. கஞ்சி குடித்த பிள்ளை தேறியதும், வெறும் தண்ணீர் குடித்த பிள்ளை தேறாததும் தற்செயல் அல்ல.

டாக்காவிலிருந்து பங்காவுன் வரை

ஆய்வுக்கூடத்தில் கண்ட உண்மை நோயாளியின் படுக்கையை அடைய எட்டு ஆண்டுகள் ஆயின. அமெரிக்கக் கடற்படை மருத்துவரான இராபர்ட் பிலிப்ஸ் 1960-களின் தொடக்கத்தில் மணிலாவில் உப்பும் குளுக்கோசும் சேர்ந்த நீரைக் கொடுத்துப் பார்த்தார். குளுக்கோஸ் சேர்ந்ததும் உப்பும் நீரும் உட்கவரப்படுவதை அவர் கண்டார். ஆயினும் பின்னர் செய்த சோதனையில் கரைசலின் அளவு பிழைபட்டதால் நோயாளிகள் சிலர் இறந்தனர். அத்துயரம் அவரை நெடுநாள் தயங்கச் செய்தது. ஒரு மருந்து உயிரைக் காக்கும் அளவிலிருந்து சற்றே விலகினால் உயிரைப் பறிக்கும் என்பதை இந்த வரலாற்றைப் படிப்பவர் மறந்துவிடலாகாது.

1968-இல் டாக்காவின் காலரா ஆய்வுக்கூடத்தில், முப்பது வயதைத் தாண்டாத டேவிட் நாலின், ரிச்சர்டு கேஷ் என்னும் இரு அமெரிக்க மருத்துவர்கள், ரஃபிக்குல் இஸ்லாம், மஜீத் மொல்லா என்னும் வங்காள மருத்துவர்களுடன் சேர்ந்து வழியைச் செம்மை செய்தனர். நோயாளி இழக்கும் நீரை அளந்து, இழந்த அளவுக்கே கரைசலைக் குடிக்கக் கொடுப்பது என்பதே அவர்கள் கண்ட ஒழுங்கு. 29 நோயாளிகளிடம் செய்த அந்த ஆய்வில், நரம்பில் ஏற்ற வேண்டிய நீரின் தேவை 80 விழுக்காடு குறைந்தது. அறிவியல் தன் பணியை முடித்துவிட்டதுபோல் தோன்றியது.

ஆனால் மற்றொரு தயக்கம் எஞ்சியிருந்தது. பயிற்சி பெற்றவர்கள் அருகிருந்து அளந்து கொடுத்தால்தான் இம்முறை சரிவரும். எளியவர் கையில் விட்டால் கேடு விளையும் என்று பலர் கருதினர். அத்தயக்கத்தை உடைத்தது ஒரு பேரிடர். 1971-இல் வங்காளதேசப் போரின்போது ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் எல்லையைக் கடந்து இந்தியாவுக்குள் அடைக்கலம் புகுந்தனர். மேற்கு வங்காளத்தின் எல்லை ஊரான பங்காவுனைச் சுற்றிய முகாம்களில் மூன்றரை இலட்சம் பேர். மழைக்காலம், சேறு, சுத்தமான நீர் இல்லை, வாந்திபேதி பரவியது. ஜூன் மாத இறுதியில் அங்கு சென்றார், கல்கத்தாவின் குழந்தை மருத்துவர் திலீப் மகலனாபிஸ்.

பங்காவுன் மருத்துவமனையில் நோயாளிகளுக்கென இருந்தவை இரண்டு அறைகள். தரையெல்லாம் நோயாளிகள், ஒருவருக்கு ஊசி குத்த, மலத்திலும் வாந்தியிலும் மண்டியிட வேண்டியிருந்தது என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்திருக்கிறார். நரம்பில் ஏற்றும் நீரோ தீர்ந்துகொண்டிருந்தது. அதை ஏற்றத் தெரிந்தவர்களும் மிகச் சிலரே. இந்நிலையில் அவர்முன் இரு வழிகளே இருந்தன. ஒன்று, விதிப்படி நடந்து, ஏராளமானோர் இறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது. மற்றொன்று, மருத்துவமனைக்கு வெளியே பெருமளவில் முயன்று பார்க்கப்படாத கரைசலை, நோயாளிகளின் தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும் தம் கையாலேயே கொடுக்கும்படி விட்டுவிடுவது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். அது பிழைத்திருந்தால் அவரை யாரும் மன்னித்திருக்க மாட்டார்கள்.

கல்கத்தாவில் உப்பு, சமையல் சோடா, குளுக்கோஸ் ஆகியவற்றை நிறுத்துப் பாலித்தீன் பைகளில் இட்டு மூடினர். ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 22 கிராம், உப்பு மூன்றரை கிராம், சமையல் சோடா இரண்டரை கிராம். ஒரு லிட்டருக்கு ஆன செலவு 11 பைசா. பீப்பாய்களில் கரைத்த நீரை, நோயாளிகளின் உறவினர் குவளைகளில் பிடித்துச் சென்று புகட்டினர். வேற்றுச் சொல்லுக்கு மக்கள் அஞ்சுவார்கள் என்றெண்ணி, அதை வாயால் குடிக்கும் சலைன் என்றே சொல்லிக் கொடுத்தனர். சிகிச்சை பெற்றோர் ஏறத்தாழ 3,700 பேர். நரம்பில் ஏற்றும் நீரை மட்டுமே நம்பியிருந்த இடங்களில் நூற்றுக்கு முப்பது பேர்வரை மாண்டனர்; பங்காவுனிலோ இறந்தவர் 3.6 விழுக்காட்டினரே.

அம்முறை எளியவர் கையில் கெடவில்லை. காரணமும் எண்ணத்தக்கது. அதிகம் இழந்த உடல் அதிகம் தாகம் கொள்கிறது. தேறிய உடலின் தாகம் தணிகிறது. அருகிருக்கும் தாய்க்கு அது தெரியும். மகலனாபிஸ் நம்பியது கரைசலை மட்டுமன்று, அதைக் கொடுத்தவர்களையும். 2022-இல் அவர் மறைந்தார். 2023-இல் அவருக்குப் பத்ம விபூஷண் விருது அறிவிக்கப்பட்டது. உயிரோடிருந்த நாட்களில் நம் நாட்டு மக்களுள் அவர் பெயரை அறிந்தவர் மிகச் சிலரே.

ஒரு சிட்டிகையும் ஒரு கைப்பிடியும்

1978-இல் ‘லான்செட்’ இதழின் தலையங்கம், உப்பும் குளுக்கோசும் சேர்ந்தே உட்கவரப்படுகின்றன என்னும் கண்டுபிடிப்பு இந்நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக அமையக்கூடும் என்று கணித்தது. ஆயினும் பொட்டலங்கள் எல்லா ஊர்களையும் எட்டவில்லை. வங்காளதேசத்தின் பிராக் என்னும் தொண்டு நிறுவனம், பொட்டலத்துக்குக் காத்திராமல் வீட்டிலுள்ளதைக் கொண்டே தாய்மாருக்குக் கற்பிக்க 1980-இல் புறப்பட்டது. அரை சேர் தண்ணீர், மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம். இவ்வளவே பாடம். பெண் ஊழியர் வீடு வீடாகச் சென்று, தாயின் கையாலேயே கலக்கச் செய்து காட்டினர். சில வாரங்கள் கழித்து வேறொருவர் சென்று அத்தாய்க்குப் பாடம் எவ்வளவு நினைவிருக்கிறது எனப் பார்ப்பார். அதற்கேற்பவே கற்பித்தவரின் ஊதியம் கணக்கிடப்பட்டது.

முதலில் எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. பாடம் நினைவிருந்தும் பலர் கரைசலைப் பயன்படுத்தவில்லை. ஏன் என்று ஆராய்ந்தபோது, கற்பித்த ஊழியரே தம் வீட்டில் அதைப் பயன்படுத்துவதில்லை என்பது தெரியவந்தது. தாம் நம்பாததை அவர்கள் பிறருக்குப் போதித்துக்கொண்டிருந்தார்கள். பின்னர் அவர்களை டாக்காவுக்கு அழைத்துச் சென்று, சாகக் கிடந்தவர் எழுந்து உட்காருவதைக் கண்ணால் காணச் செய்தனர். கற்பிக்கும் பணியில் இருப்போர் அனைவரும் இந்நிகழ்ச்சியைச் சற்று நின்று எண்ணிப் பார்க்கலாம். பத்தாண்டுகளில் அவர்கள் ஒரு கோடியே இருபது இலட்சம் வீடுகளுக்குச் சென்று வந்தார்கள்.

1980-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐந்து வயதுக்குட்பட்ட ஏறத்தாழ 50 இலட்சம் குழந்தைகள் ஆண்டுதோறும் வயிற்றோட்டத்தால் இறந்தனர். இன்று அத்தொகை ஐந்து இலட்சத்திற்கும் குறைவு. நல்ல நீரும் தடுப்பூசியும் ஊட்டமும் இதில் பங்கு கொண்டிருக்கின்றன. எனினும் இந்தக் கரைசலின் பங்கு மிகப் பெரிது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்களும் இவ்வரலாற்றில் ஒரு பக்கம் எழுதியிருக்கிறார்கள். சிறுகுடலில் எளிதில் செரிக்காத ஒருவகை மாவுப்பொருளைக் கரைசலோடு சேர்த்தால், அது பெருங்குடலை அடைந்து அங்கும் உப்பும் நீரும் உட்செல்ல உதவி, வாந்திபேதியை விரைவில் தணிக்கிறது என்று 2000-ஆம் ஆண்டில் அவர்கள் காட்டினர்.

கரைசலின் அளவும் காலப்போக்கில் திருத்தப்பட்டது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் முந்தைய கலவையில் ஒரு லிட்டருக்கு 20 கிராம் குளுக்கோசும் மூன்றரை கிராம் உப்பும் இருந்தன. 2002-இல் அவை பதின்மூன்றரை கிராமாகவும் 2.6 கிராமாகவும் குறைக்கப்பட்டன. சர்க்கரை மிகுந்தால் அது நீரை உள்ளே அழைத்துச் செல்வதற்கு மாறாக, உடலிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுத்துவிடும். ஆகவே இனிப்பு மிகுந்த குளிர்பானமும் பழச்சாறும் இக்கரைசலுக்கு ஈடாகா. பொட்டலம் கிடைக்காத இடத்தில், ஒரு லிட்டர் சுத்தமான நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டும் தலைதட்டி அளந்து, கலந்துகொள்ளலாம்.

சிறுநீரகத்தில் அதே கதவு

குடலுக்கு அப்பால், மற்றோரிடத்திலும் உடல் சர்க்கரையைக் குழாயினுள்ளிருந்து இரத்தத்துக்கு மீட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அது சிறுநீரகம். நமது சிறுநீரகங்கள் ஒரு நாளில் ஏறத்தாழ 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதனோடு ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோசும் வடிந்துவிடுகிறது. நலமுள்ளவரின் சிறுநீரிலோ சர்க்கரை ஏறத்தாழ இல்லை. நுண்குழல்களின் சுவரில் குடற்கதவின் உடன்பிறப்புகள் நின்று, சோடியத்தோடு சேர்த்து ஒவ்வொரு துகளையும் மீட்டுவிடுகின்றன. இரத்தத்தில் சர்க்கரை அளவு கடந்து உயரும்போது கதவுகள் ஈடுகொடுக்க முடியாமல் தோற்கின்றன. மிஞ்சியது சிறுநீரில் வழிகிறது. சிறுநீரை எறும்பு மொய்ப்பதைக் கண்ட நம் முன்னோர் இந்நோய்க்கு மதுமேகம் என்று பெயரிட்டது இதனால்தான்.

இக்கதவின் கதை ஒரு மரப்பட்டையில் தொடங்கியது. 1835-இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து புளோரிசின் என்னும் கசப்புப் பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. கசப்பானது காய்ச்சலைத் தீர்க்கும் என்று அன்று எண்ணினர். 1886-இல் ஜெர்மானிய மருத்துவர் வான் மேரிங், அதை உட்கொண்ட நாயின் சிறுநீரில் சர்க்கரை கொட்டுவதைக் கண்டார். ஒரு நூற்றாண்டுக்குப் பின், 1987-இல், எர்னஸ்ட் ரைட்டும் அவர்தம் குழுவினரும் அமெரிக்காவில் குடற்கதவின் மரபுக் குறிப்பைப் பிரித்தெடுத்தபோதுதான் முழு விளக்கம் கிட்டியது. குடலில் நிற்கும் கதவு ஒருவகை; சிறுநீரகத்தில் சர்க்கரையின் பத்தில் ஒன்பது பங்கை மீட்பது அதன் உடன்பிறப்பான மற்றொரு வகை. புளோரிசின் இரண்டிலும் சாவித் துளையை அடைக்கும் கட்டை போல் சிக்கிக்கொள்கிறது.

இவ்விரண்டின் வேறுபாட்டை இயற்கையே காட்டித் தந்திருக்கிறது. குடற்கதவு பிறவியிலேயே பழுதாகிய அரிய குழந்தைகள் உண்டு. தாய்ப்பாலே அவர்களுக்குக் கொடிய வயிற்றோட்டத்தை உண்டாக்கும். 1962-இல் ஐரோப்பிய மருத்துவர்கள் இந்நோயை முதன்முதலில் விவரித்தனர். பழச்சர்க்கரை அந்தக் கதவை நாடாது வேறு வழியில் செல்வதால், அதைக் கொண்டு அமைந்த உணவே அவர்களை வாழவைக்கிறது. சிறுநீரகக் கதவு மட்டும் பழுதாகிய குடும்பங்களும் உண்டு. அவர்களின் சிறுநீரில் வாழ்நாள் முழுதும் சர்க்கரை இறங்கும். ஆயினும் அவர்களுள் பெரும்பாலோர் நலமாகவே வாழ்கின்றனர். அப்படியெனில் நீரிழிவு நோயாளிக்குச் சிறுநீரகக் கதவை மட்டும் மூடினால் மிகுந்த சர்க்கரை வெளியேறிவிடும் அல்லவா?

இக்கேள்வியிலிருந்து பிறந்தவையே டாபாகிளிஃபுளோசின், கானாகிளிஃபுளோசின், எம்பாகிளிஃபுளோசின் முதலிய மாத்திரைகள். 2012-இல் ஐரோப்பாவிலும் 2013-இல் அமெரிக்காவிலும் இவ்வகை மருந்துகள் நடைமுறைக்கு வந்தன. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், நீரிழிவோடு இதய நோயும் உடைய ஏழாயிரம் பேருள், எம்பாகிளிஃபுளோசின் பெற்றவர்களிடையே இதய நோய்களால் நேரும் மரணம் 38 விழுக்காடு குறைந்திருந்தது. 2019-இல் சிறுநீரகச் சிதைவையும் இவ்வகை மருந்து தடுப்பது தெரிந்தது. டாபாகிளிஃபுளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020-இல் முடிவுற்றபின் அதன் விலையும் சரிந்தது. இவை நோயாளி தாமாக வாங்கி உண்ணத் தக்கவை அல்ல. பூஞ்சைத் தொற்றும், அரிதாக இரத்தம் அமிலமாகும் ஆபத்தும் உண்டு. குறிப்பாக வாந்தியும் வயிற்றோட்டமும் கண்ட நாட்களில் இவற்றைத் தொடர்வதா நிறுத்துவதா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். நீரை இழந்துகொண்டிருக்கும் உடலுக்குக் கதவு திறந்திருப்பதே தேவை.

கையில் இருந்தும்

பசியால் வாடிய உலகுக்குக் கதவைத் திறப்பது மருந்தாயிற்று. மிகுதியால் வாடும் உலகுக்கு அதன் உடன்பிறப்பை மூடுவது மருந்தாயிற்று. நம் நாட்டில் இவ்விரு உலகங்களும் ஒரே தெருவில் வாழ்கின்றன. ஒரே வீட்டில் தாத்தாவுக்கு இம்மாத்திரையும் பேரனுக்கு அக்கரைசலும் வேண்டியிருக்கிறது. மாத்திரையை நாம் மறப்பதில்லை, கரைசலைத்தான் மறந்துவிடுகிறோம். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, வயிற்றோட்டம் கண்ட இந்தியக் குழந்தைகளுள் இக்கரைசலைப் பெற்றவர் நூற்றுக்கு அறுபத்தொருவரே.

எஞ்சிய முப்பத்தொன்பது பேருக்கு ஏன் கிட்டவில்லை? கர்நாடகத்திலும் பீகாரிலும் நடத்தி 2024-இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியிடப்பட்ட ஆய்வொன்று நம்மைச் சிந்திக்க வைக்கிறது. பொட்டலம் கிடைக்காதது பெரும் காரணம் அன்று. மருந்து விற்ற ஆதாயமும் பெரும் காரணம் அன்று. நோயாளியின் வீட்டார் இக்கரைசலை விரும்பமாட்டார்கள், பெரிய மருந்தையே எதிர்பார்க்கிறார்கள் என்று சிகிச்சை அளிப்போர் தவறாக எண்ணிக்கொள்வதே முதற்காரணம். அவர்கள் அப்படி எண்ணுவதற்கு இடம் கொடுத்தவர்கள் யார்? ஊசி போடாத மருத்துவரைக் கெட்டிக்காரர் அல்லர் என்று சொல்லிப் பழகிய நாமே. கேட்டிருந்தால் பெரும்பாலோர் கொடுத்திருப்பார்கள். 2025 அக்டோபரில், தகுந்த அளவின்றி இனிப்பு மிகுந்த பானங்களை ஓ.ஆர்.எஸ். என்னும் பெயரால் விற்கலாகாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட வேண்டியிருந்ததும் நமது அறியாமைக்கு ஒரு சான்றே.

செம்பு நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு அஞ்சி அமர்ந்திருந்த அத்தாய்மாருக்கு யாரும் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்களுக்கே அன்று தெரிந்திருக்கவில்லை. அவர்கள் வீட்டு அடுக்களையில் உப்பும் இருந்தது, வெல்லமும் இருந்தது. இன்று நமக்குத் தெரியும். ஆகவே இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்கள் ஒவ்வொருவரும், தம் வீட்டிலும் அண்டை வீட்டிலும் கைக்குழந்தையுடைய இளம் தாய் ஒருவரிடமாவது இதை இன்றே சொல்லிவைப்பார்களாக: குழந்தைக்குப் போகத் தொடங்கினால், தாய்ப்பாலை நிறுத்தாதே; பொட்டலத்தைக் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடு; வாந்தி வந்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடு; குழந்தை துவண்டாலோ, குடிக்க மறுத்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ உடனே மருத்துவமனைக்கு ஓடு. இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.